ஆறு எழுத்து

ஓ.எல். முடியும்வரை தொடக் கூடாது என்று
கபிஷனின் கொம்பியூட்டரைத் தூக்கி
என் அறைக்குக் கொண்டுவந்தவள் நான்தான்.
அது தை மாதம்.
இப்போது ஆனி.

முதல் இரவு, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்றுதான்.
பெயர் கேட்டது விளையாட்டு.
ஆங்கில எழுத்து ஆறுக்குத்தான் இடம்.
சிவதர்ஷினியில் ‘சிவத்’ உள்ளே போனது.
மிஞ்சிய ‘அர்ஷினி’
காலை ஏழுக்குச் சீனக்குடா பஸ் ஏறி
மா ஆலையில் லொறி நிறுக்கிறாள்.

அழகில்லை அந்த உலகம்.
மகன் பிறக்குமுன் யாரோ செய்தது.
முகம் என்றால் ஒன்பது சதுரம்,
அதில் இரண்டு கண்.
காடு முழுக்க ஒரே மரம்,
ஒரே கிளை ஒரே பக்கம் முறிந்தபடி.
குதிரை ஓடுவதில்லை, வழுக்குகிறது.
கடலுக்கு இரண்டு நீலம்தான் கொடுத்திருக்கிறார்கள்.
அவை மாறி மாறி இமைக்கின்றன.
உவர்மலையில் ஜன்னலைத் திறந்தால்
உட்துறைமுகம் முழுசாகக் கிடக்கிறது.
நுளம்பு வருமென்று அதைச் சாத்திவிட்டு
இரண்டு நீலத்தின் கரையில் நிற்கிறேன்,
படகு வாங்க இன்னும் நாற்பது வெள்ளி வேண்டும்.

ஈட்டிக் கடைக்காரன் எப்போது போனாலும்
“மழைக்குமுன் வீடு போய்ச் சேர், பயணி” என்பான்.
அங்கே மழையே இல்லை.
மழை செய்யத் தெரியவில்லைபோலும் அவர்களுக்கு.
ஆனாலும் ஒருநாள் பஸ் தரிப்பில்
அவன் சொன்னது நினைவுவந்து குடையை விரித்தேன்.
கொளுத்தும் வெயில்.
பஸ்மியா சிரித்த சிரிப்பு!

இன்னும் ஒரு அறை, ஒரே ஒரு அறை என்று
நிலவறைக்குள் இறங்கினால்
பாங்கு சொல்லும்போதுதான் தலை நிமிர்கிறது.
பருப்பு இரண்டு முறை கரிந்தது.
நிறுவைச் சீட்டில் ஒரு லொறிக்கு நேரே
‘முப்பத்தொன்று’ என்று எழுதிவிட்டேன்.
அது லொறியின் எடையல்ல, என் படிநிலை.
சாரதி சத்தம் போட்டார்.
கட்டாரிலிருந்து அவர், வீடியோவில்,
“ஏன் கண் சிவந்திருக்கு?”
மாத் தூசி, என்றேன்.

ஒரு புதன்.
பறவைநாகத்தோடு நாலு மணித்தியாலம்.
அதன் உயிர் ஒரு விரல் அகலம் மிச்சம்.
கரண்ட் போனது.
சேமிக்கவில்லை.

அழவில்லை என்று சொல்லமாட்டேன்.
படியிறங்கித் தெருவுக்கு வந்தேன்.
மலையடியில், குப்பைத் தொட்டியருகே, ஒரு மான்.
பொலித்தீனை மென்றபடி
சுவரில் சிக்கிக்கொண்ட ஆள்போல
அதே இடத்தில் கால் மாற்றிக்கொண்டிருந்தது.
எப்படித் தாண்டுவதென்று
என் விரல் காற்றில் பொத்தான் தேடியது.

மறுநாள் திறந்தால் கணக்கு உதைக்கிறது.
பன்னிரண்டு மருந்துக்குப்பி வைத்திருந்தேன். ஏழு.
பாணும் குறைவு.
நான் வாங்காத வில் ஒன்று முதுகில்.
நான் மிதிக்காத வடகோபுரம்
வரைபடத்தில் வெளிச்சமாயிருந்தது.
ஒரு லொறியில் நாற்பது கிலோ குறைந்தாலே பிடிப்பவள் நான்.
டியூஷன் விட்டு அவன் வருவதற்கும்
என் பஸ் வருவதற்கும் இடையில்
ஐம்பது நிமிஷம்.
அறைத் திறப்பு என் கைப்பையில்.
மற்றத் திறப்பு எங்கே என்று தேடவே இல்லை இத்தனை நாள்.

இராச் சாப்பாட்டில் கணக்குப் பாடம் எப்படி என்றேன்.
பரவாயில்லை, என்றான்.
என் கண்ணைப் பார்த்தான்.
நான் அவனுடைய கண்ணை.
இரண்டு பேரும் குனிந்து
மீனில் முள் எடுத்தோம்.

அன்று நாகத்திடம் போகவில்லை.
படகுக்குச் சேர்த்த வெள்ளி முழுக்கக் கொடுத்து
குப்பி, பாண், அம்பு இருபது வாங்கி
பையில் போட்டு, சேமித்து,
ஈட்டிக் கடை வாசலில் சிவத்தை நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

வெள்ளி மாலை வந்து பார்க்கிறேன்:
அம்பு இல்லை, பாண் இல்லை.
அவள் ஒரு படகில்
இரண்டு நீலத்துக்கும் நடுவில் நிற்கிறாள்.
கரை எந்தப் பக்கமும் தெரியவில்லை.

எங்கே கொண்டுபோகிறாய் என்று
கேட்க வாய் வந்தது.
பக்கத்து அறையில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தான்,
வழக்கத்தைவிடச் சத்தமாக.